அவர் கயிற்றை விட்ட நாள்

என் கணவர் என்னை ஒரே ஒரு முறை அந்தரத்தில் கைவிட்டிருக்கிறார். விருந்தாளிகளிடம் இதை நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அதனால் முழுக்கதையை யாரிடமும் சொல்லி முடித்ததில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். தப்பு இருந்தால் அவர் படித்துத் திருத்தட்டும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் பெரிய முதலியார்சாவடியில் குடியிருந்தோம். நான் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அவர் நெல் வயல்களுக்கு மேலே மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். படிக்கிற காலத்திலேயே நான் கிளைடர் ஓட்டக் கற்றிருந்தேன். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அதை எப்படிக் கற்றாள் என்பது தனிக் கதை. என் அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. இஞ்சின் உள்ள விமானம் ஒன்று அதை நீளமான கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுக்கிற விமானத்தை நாங்கள் டக் என்போம். இரண்டாயிரம் அடி போனதும் கிளைடரில் இருப்பவர் ஒரு மஞ்சள் குமிழை இழுத்தால் கயிறு கழன்றுவிடும். அதற்குப் பிறகு வெயிலில் சூடேறி எழும் காற்றுதான் துணை. கயிற்றின் மறுமுனையிலும் அதே மாதிரி ஒரு பிடி உண்டு. ஆபத்து என்றால் டக் ஓட்டுபவரும் கயிற்றை விட்டுவிடலாம்.

எங்களைப் போலப் பைத்தியம் பிடித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய டக்கும் ஒரு மரக் கிளைடரும் வைத்திருந்தோம். டக்கை ஓட்டுவது அவர்தான். கோடையில் கழுவேலி ஏரி வற்றிப் பாளம் பாளமாக இறுகிவிடும். ஏரியின் ஒரு ஓரம் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எங்கள் ஓடுதளம். பத்து மணிக்கு மேல் கடல் காற்று திரும்பும். காற்றுக்கு எதிராகக் கிளம்ப வேண்டும் என்பதால் கிழக்கே பார்த்துப் புறப்படுவோம். ஏரிக்கரையைத் தாண்டிய உடனே மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்னோடு பேசிய பேச்சில் பாதிக்கு மேல் தரைக்குப் பக்கத்தில் வருகிற ஆபத்துகளைப் பற்றித்தான். இரண்டாயிரம் அடியில் என்ன நடந்தாலும் யோசிக்க நேரம் இருக்கும், இருநூறு அடியில் இருக்காது, அதனால் அந்த யோசனையைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும் என்பார். நானும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் உதடு அசையச் சொல்லிக்கொள்வேன். கயிறு போனால் முதலில் மூக்கைக் கீழே தள்ளு, வேகத்தைப் பார், இருநூறு அடிக்குக் கீழே இருந்தால் நேராகப் போய் இறங்கு, ஓடுதளத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படாதே. என் மாமியார் ஒரு முறை வேடிக்கை பார்க்க வந்தபோது, மருமகள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று சந்தோஷப்பட்டார்.

அந்தப் பேச்சுகளில் ஒன்று எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. பின்னால் வரும் கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்தால் கயிறு டக்கின் வாலை மேலே தூக்கும், டக்கின் மூக்கு தரையைப் பார்த்துக் குத்தும். உயரம் குறைவாக இருந்தால் டக் ஓட்டுபவர் பிழைக்க மாட்டார்.

"நீ என் வாலத் தூக்கினா நான் கயித்த விட்டுடுவேன். அப்புறம் கோச்சிக்கக் கூடாது" என்றார்.

"விடலன்னாதான் கோச்சிப்பேன்" என்றேன்.

அவர் கயிற்றை விட்ட அன்று வைகாசி வெயில். அவருடைய பழைய கால்சட்டையை பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, அவர் சட்டையையே போட்டுக்கொண்டு கிளைடருக்குள் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே கண்ணாடி மூடி. வலது பக்கம் கீல், இடது பக்கம் கொக்கி. டக்கை இயக்கிக் கயிற்றை மாட்டும்வரை உள்ளே வெந்துகொண்டிருந்தது. காற்றுக்காக மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். கயிறு இறுகியதும் மூடினேன். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதாக நினைத்தேன். கையால் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது விதி. தள்ளிப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் காரணம் நான் தள்ளாமல் விட்ட அந்த ஒரு தள்ளல்தான். அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

கிளம்பினோம். கரையைத் தாண்டினோம். கீழே வெள்ளையும் சாம்பலுமாகப் பாத்திகள் வந்தன. உயரமானியின் முள் இருநூறை நெருங்கியபோது பெரிய சத்தத்தோடு மூடி திறந்துகொண்டது.

காற்று முகத்தில் அறைந்தது. மடியில் இருந்த வரைபடம் பறந்துபோனது. மூடி வலது பக்கம் முழுக்கச் சாய்ந்து அடித்துக்கொண்டது. அது பிய்ந்து வாலில் மோதிவிடும் என்று பயந்தேன். இடது கையை நீட்டி அதைப் பிடிக்கப் போனேன். எட்டவில்லை. உடம்பைத் திருப்பி இன்னும் எட்டினேன். அப்படித் திரும்பியபோது வலது கையில் இருந்த, கிளைடரை ஏற்றி இறக்கும் பிடியும் கூடவே என் பக்கம் வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவே இல்லை. பிடி பின்னால் வந்தால் கிளைடர் மேலே எழும்.

மூடி திறந்தாலும் கிளைடர் பறக்கும். அது திறந்தபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு முன்னால் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை போனது.

மூடியின் விளிம்பு விரலில் பட்டபோது முன்னால் பார்த்தேன். டக் அங்கே இல்லை. குனிந்து பார்த்தேன். எனக்கு வெகு கீழே அதன் முதுகு தெரிந்தது. இறக்கைகளின் மேற்பரப்பு முழுவதும் தெரிந்தது. அது பாத்திகளைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த எண்ணம் எழுவதற்குள் ஒரு குலுக்கல். கயிறு தொங்கிவிட்டது. அவர் விட்டுவிட்டார்.

முதலில் வந்த உணர்ச்சி நிம்மதி. டக்கின் மூக்கு மெல்ல நிமிர்வதைப் பார்த்தேன். அதன் நிழலும் அதுவும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தாழ்ந்து, பிறகு பிரிந்து, கடல் பக்கம் போனது.

அடுத்ததாகத்தான் என் நிலைமை உறைத்தது. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. வேகம் போகிறது என்று அர்த்தம். மூடியை விட்டேன். பிடியை முன்னால் தள்ளினேன். அவர் முனையில் கழன்ற கயிறு முழுவதும் கிளைடரின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எதிலாவது மாட்டினால் முடிந்தது. மஞ்சள் குமிழை இரண்டு முறை இழுத்தேன். கயிறு ஒரு பாத்தியில் பாம்பு மாதிரி நெளிந்து விழுந்தது.

உயரமானி இருநூறுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. திரும்பு என்று மனசு சொன்னது. பின்னால் ஏரி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், எதிரில் வரப்பும் உப்புநீரும் ஆட்களும். ஆனால் வேகம் திரும்பி வருவதற்குள் முள் இருநூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. திரும்பினால் சாய்ந்த இறக்கை வரப்பில் குத்தும்.

நேராக இருந்த பாத்திகள் சின்னச் சின்னதாக இருந்தன. ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடது பக்கம் கடல்நீரைத் தேக்கிக் காய வைக்கும் பெரிய பாத்தி ஒன்று நீளமாகக் கிடந்தது. நீரில் வானம் தெரிந்தது, ஆள் யாரும் தெரியவில்லை. கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கி அதை நோக்கிப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகைகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது கடைசியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர்தான்.

கணுக்கால் ஆழம்தான் இருந்தது. ஆனால் முதலில் பட்டபோது சுவரில் மோதியது மாதிரி இருந்தது. உப்புநீர் மொத்தமும் திறந்த மூடி வழியாக என் மேல் விழுந்தது. கிளைடர் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசி வரப்பை உடைத்துக்கொண்டு, மூக்கு அடுத்த பாத்திக்குள் நீட்டி நின்றது. அமைதியாக இருந்தது. கண் எரிந்தது. விரல்களை எண்ணிப் பார்த்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.

முதலில் ஓடி வந்தது ஐம்பது வயது இருக்கக்கூடிய ஒரு அம்மா. முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். அந்த அளத்தில் பெண்களை வேலை வாங்குகிற மேஸ்திரி அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"பொம்பளப் புள்ளடி" என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஏம்மா, எழுந்து வர முடியுமா? எங்கனா வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப வா. கண்ணத் தேய்க்காத. தேய்ச்சா இன்னும் எரியும்."

என்னைக் கரையில் உட்காரவைத்து, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரால் என் கண்களைக் கழுவினார். அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. கிளைடர் மரத்தாலும் துணியாலும் ஆனது. உள்ளே இரும்புக் கம்பிகளும் ஆணிகளும் இருக்கின்றன. உப்பு காய்ந்துவிட்டால் இரும்பை அரித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அக்கா, இத நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். இல்லன்னா உப்பு தின்னுடும்" என்றேன்.

அவர் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. "உப்பு என்னா பண்ணும்னு எங்களுக்கா தெரியாது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் வேலையும் அவர் வேலையும் ஒன்றாகிவிட்ட மாதிரிச் சொன்னார்.

அளத்துக்குப் பக்கத்தில் மணலில் தோண்டிய ஒரு ஊற்று இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்முன் கால் கழுவ அதைத்தான் வைத்திருந்தார்கள். மேஸ்திரியம்மா குரல் கொடுத்ததும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரப்பின் மேல் வரிசையாக நின்றார்கள். குடங்கள் கைமாறி வந்தன. ஆண்கள் கிளைடரைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். நான் உள்ளே குனிந்து, எங்கே கம்பி இருக்கிறது, எங்கே ஊற்ற வேண்டும் என்று காட்டினேன். ஒருத்தி இறக்கையைத் தடவிப் பார்த்து, "துணிதானா இது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இத நம்பியா மேல போற?" என்றாள்.

அப்போதுதான் அவர் வந்தார். ஏரியில் டக்கை இறக்கிவிட்டு, யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு, சைக்கிள் போகாத இடத்தில் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமாத்தான். கண்ணுதான் எரியுது."

இரண்டடி கிட்டே வந்து, "கயித்த நான்தான் விட்டேன்" என்றார்.

"தெரியும்."

மேஸ்திரியம்மா குடத்தைக் கீழே வைத்தார். "யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. முன்னால போச்சே, அந்த ஏரோப்ளேன் ஓட்டினவரு."

"கட்டினவரேதான் உட்டாரா?" அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, பொஞ்சாதிய இழுத்துக்கினு போறவன் பாதியில உட்டுட்டா போவாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவர் மேல தப்பு இல்லக்கா. நான்தான் கண்ட இடத்துல கைய நீட்டி, மேல ஏறிட்டேன். கயிறு அவர் வாலத் தூக்கிடிச்சு. விடலன்னா அவர் தலகுப்புற உங்க பாத்தியில விழுந்திருப்பார். அப்புறம் நானும்தான்."

அந்த அம்மா அவரிடம் குடத்தை நீட்டினார். "அப்ப சரி. நின்னுக்கினு இருக்காத, தண்ணி ஊத்து."

சாயங்காலம் இறக்கைகளைக் கழற்றினோம். அவற்றைச் சாலைவரை கொண்டுபோக வேண்டும். ஆண்கள் தோளில் சுமக்கப் பார்த்தார்கள், வரப்பில் கால் இடறியது. பெண்கள் சிரித்துவிட்டு, சும்மாடு சுருட்டி, ஒரு இறக்கைக்கு ஐந்தாறு பேராகத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். உப்புக்கூடை சுமந்த நடை அது. இறக்கை ஒரு முறைகூட ஆடவில்லை.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். களைப்பு என்று நினைத்தேன். தட்டை எடுக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உடனே விடல."

"என்ன?"

"வால் தூக்குனது தெரிஞ்சுது. பின்னால பாக்குற கண்ணாடியில உன்னக் காணோம். கை கயித்த விடற பிடி மேலதான் இருந்துச்சு. வேற யாரா இருந்தாலும் அப்பவே இழுத்திருப்பேன். நீன்னு ஒரு செகண்ட் யோசிச்சேன். ரெண்டா கூட இருக்கலாம்."

டக்கும் நிழலும் ஒட்டிக்கொள்ளப் போனதை நான் பார்த்திருந்தேன். அது ஏன் அவ்வளவு கீழே போனது என்று அப்போதுதான் புரிந்தது. பாத்தியில் விழுந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. கூடவே கோபமும் வந்தது. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவ்வளவு கோபம் நான் பட்டதில்லை.

"என்ன நினைச்சு யோசிச்சீங்க? நான் இறங்கத் தெரியாதவளா? எனக்குக் கயிறு போனா நேரா எங்கனா இறங்கிக்குவேன். உங்களுக்கு மூக்கு குத்திடிச்சின்னா என்ன இருக்குது? அந்த ஒரு செகண்ட் எனக்கு வேணாம். இனிமே குடுக்காதீங்க."

"நீ சொல்றது சரிதான்" என்றார்.

"சரின்னா சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை என்று பாதியில்தான் கண்டுபிடித்தோம். அன்றைக்கு எனக்கு உப்பு டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் பறக்கவில்லை. மண்வெட்டியோடு அளத்துக்குப் போனோம். நான் உடைத்த வரப்பால் இரண்டு பாத்தி நீரும் கலந்து போயிருந்தது. வரப்பை நாங்களே கட்டித் தருகிறோம் என்று அள முதலாளியிடம் சொல்லியிருந்தோம். அவர் குடையோடு வந்து நின்று, விமானம் மறுபடி பறக்குமா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். நாங்கள் மதியம்வரை கட்டிய வரப்பை மேஸ்திரியம்மா காலால் ஒரு மிதி மிதித்தார். அது பொலபொலவென்று சரிந்தது.

"ஆகாசத்துல பண்றத ஆகாசத்துலயே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு அரை மணியில் கட்டி முடித்தார். களிமண்ணை எப்படி மிதித்து இறுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டோம்.

கிளைடரைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த வாரங்களில் மாலை நேரம் நான் அதற்குள் உட்காருவேன், அவர் வெளியே நிற்பார். "நூறு அடி" என்பார், "நூத்தம்பது" என்பார். நான் எதிர்பாராத நேரத்தில் மூடியை டமாரென்று திறப்பார். என் இடது கை எழும்பினால் தோற்றேன். முதல் நாள் ஏழு முறை தோற்றேன். மூடி திறந்து கிடக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிக் காட்ட முடியாது. பிறகு இடத்தை மாற்றிக்கொள்வோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மரக்குச்சியைப் பிடித்துக்கொள்வார். "மேல போயிட்டா" என்று நான் சொன்னதும் குச்சியை இழுக்க வேண்டும். மூன்று வாரமும் "அவ மேல போயிட்டா" என்றுதான் சொன்னேன். "அவன்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் நான் வாயைத் திறக்கும்போதே குச்சி நகர்ந்தது.

ஆனி மாதத்தில் மறுபடி கிளம்பினோம். கயிறு மாட்டும்முன் மூடியைக் கையால் மூன்று முறை தள்ளிப் பார்த்தேன். கிளம்பும்வரை இறக்கை சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த நண்பர், "போதும்மா, கழண்டு வந்துடப் போவுது" என்றார். கரையைத் தாண்டினோம். நூறு அடி, இருநூறு அடி. பாத்திகளில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. ஒரு விமானம் ஒழுங்காகப் போனால் அதைப் பார்க்க என்ன இருக்கிறது. இரண்டாயிரத்தில் நானே கயிற்றைக் கழற்றினேன். அவர் இடது பக்கம் சாய்ந்து இறங்க, நான் வலது பக்கம் திரும்பினேன். உப்பளத்துக்கு மேல் காற்று நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே சுற்றினேன்.

இறங்கியபோது அவர் டக்கின் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தின் மேல் செய்தித்தாள். நான் பத்திரமாக இறங்குவதற்கு முன்னால் அவர் கண் மூடுவார் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கூடையில் இருந்த புளிசாதத்தைப் பிரித்து, என் பங்கைச் சாப்பிட ஆரம்பித்தேன்.